தவக்காலத்தில் பெருத்த குதிரை

எங்கள் தெருவில் ‘இளைச்சுப் போச்சு’ என்பது ஒரு குற்றச்சாட்டு. இளைத்தவரை யாரும் குறை சொல்வதில்லை, அவருக்குச் சோறு போட வேண்டியவரைத்தான் சொல்வார்கள். புருஷன் இளைத்தால் பெண்டாட்டியைக் கேட்பார்கள். பிள்ளை இளைத்தால் அம்மாவைக் கேட்பார்கள். எங்கள் வீட்டுக் கொட்டகையில் நின்ற செவலைக் குதிரை ஒல்லியாக இருந்ததற்கு என்னைக் கேட்டார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்றரை வருஷம்.

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற சாலையில் எங்கள் வீடு. நான் குயிலாப்பாளையத்தில் ஒரு குதிரை லாயத்தில் வேலை செய்கிறேன். குதிரைகளைத் தேய்த்துவிடுவது, தீனி கலப்பது, சவாரி பழக வருகிறவர்களுக்கு விழாமல் உட்காரச் சொல்லித் தருவது எல்லாம் என் பொறுப்பு. பதினோரு வருஷமாக ஸ்கூட்டரில் போய் வருகிறேன். என் வீட்டுக்காரர் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். விழுப்புரம் மார்க்கெட்டுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றுவார், கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் ஏற்றுவார். அது போக அவரிடம் ஒரு வெள்ளைக் குதிரையும் உண்டு. மாப்பிள்ளை அழைப்புக்கு அலங்காரம் பண்ணி வாடகைக்கு அனுப்புவார்.

அந்த வெள்ளையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் தெருவுக்குக் குதிரை என்றால் அதுதான். அகலமான மார்பு, உருண்டை முதுகு, பின்பக்கம் இரண்டு பூசணிக்காயை வைத்தது போல இருக்கும். தொட்டால் எங்கேயும் எலும்பு தட்டாது. மேளத்துக்குப் பின்னால் அசைந்து அசைந்து நடந்தால் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் தோள் எலும்பு செங்குத்தாக நிற்கிற குதிரை அது. காலை முன்னால் நீட்டிப் போடவே முடியாது, குத்திக் குத்தித்தான் வைக்கும். மண்டபத்திலிருந்து கோயில் வரைக்கும் போய் வந்தால் அரை மணி நேரம் புஸ் புஸ் என்று மூச்சு வாங்கும். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். “ராஜா மாதிரி நிக்குது, அதுக்கு இன்னாத்துக்கு ஓட்டம்?” என்பார்.

செவலை வந்தது லாயத்திலிருந்து. ஏழு வயதுப் பெண் குதிரை. காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்திருக்கும். பழக வந்தவர்களைச் சுமந்துகொண்டு ஒரே வட்டத்தில் சுற்ற அதற்குப் பொறுமை இல்லை. லாயத்தை நடத்துகிற அம்மா, “இது இங்க லாயக்குப்படாது, நீ வேணா வச்சிப் பாரேன்” என்று என்னிடம் கொடுத்துவிட்டார். முதல் நாள் முந்திரித் தோப்பு வழியாக ஓட்டிப் போனேன். பத்துக் கிலோமீட்டர் போய்த் திரும்பி இறங்கி, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தேன். இப்போதுதான் தூங்கி எழுந்தது போல அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நெடுந்தூரச் சவாரிக்கென்றே பிறந்த உடம்பு என் கையில் இருந்தது, அதை மதிக்க அந்தத் தெருவில் என்னைத் தவிர ஒரு ஆள் இல்லை.

நெடுந்தூரச் சவாரியில் யார் முதலில் வந்தார்கள் என்பது பெரிய விஷயம் இல்லை. நாற்பது கிலோமீட்டர் என்றால் இருபது கிலோமீட்டர் முடிந்ததும் நிறுத்துவார்கள். கால்நடை டாக்டர் நெஞ்சுத் துடிப்பை எண்ணுவார். இருபது நிமிஷத்துக்குள் அது அறுபத்து நாலுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் குதிரை அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான், நீங்கள் எவ்வளவு வேகமாக வந்திருந்தாலும் சரி. அதனால் இதில் உடம்புவாகுதான் பாதி வேலை. மார்பு அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருக்க வேண்டும், நுரையீரலுக்கு இடம் வேண்டும். தோள் சாய்ந்து இறங்க வேண்டும், அப்போதுதான் எட்டி வைக்கிற அடி நீளமாக விழும். முதுகு குட்டையாக இருந்தால் ஆளைச் சுமந்தாலும் தொய்யாது. குளம்பு கெட்டியாக இருக்க வேண்டும். சதை உருண்டு திரண்டு இல்லாமல் நீளமாக, தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். விலா எலும்பு கண்ணுக்கு லேசாகத் தெரிந்தால் பரவாயில்லை. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றால் அது பட்டினி, அதை நானும் ஒப்புக்கொள்வேன். செவலைக்கு அப்படித் துருத்தவில்லை. இதை எத்தனை பேருக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிம்மா, கொஞ்சம் சதை வச்சா நல்லா இருக்கும்” என்பார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறாரே, அவரோடுதான் பெரிய தொல்லை. நல்ல மனுஷி, அதுதான் பேஜாரே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம். தினமும் நான் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது வேலி ஓரம் வந்து நிற்பார்.

“ஏம்மா, நேத்தும் அதுக்குக் கொஞ்சமாத்தான் வச்சியாமே?”

“அளவாத்தான் வச்சேன்க்கா.”

“எலும்ப எண்ணிடலாம் போல கீது. பார்த்தா எனக்கே சோறு எறங்கல.”

என் வீட்டுக்காரருக்கு வேறு கவலை. இரண்டு குதிரைக்குப் புல் அறுத்துக் கட்டுப்படி ஆகவில்லை. “ஒண்ணு சம்பாரிக்குது, ஒண்ணு துன்னுக்கினே கீது” என்று ஆரம்பித்து, புதுச்சேரிக் கடற்கரையில் குதிரை வைத்திருக்கிற ஒருவரிடம் பேசிவிட்டு வந்தார். அந்தக் கடற்கரைக் குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். காலையிலிருந்து பொழுது சாயும் வரை சுடுமணலில் நிற்கும், ஐம்பதடி போகும், ஐம்பதடி வரும், மறுபடி நிற்கும். ஓடவே பிறந்த செவலையை அங்கே நிறுத்த நான் விடுவேனா? ஒரு வாரம் வாதாடி ஒரு முடிவுக்கு வந்தோம். மார்ச் மாதம் கடற்கரைப் பக்கம் ஒரு நாற்பது கிலோமீட்டர் சவாரி இருந்தது. அதைச் செவலை முடித்துவிட்டால் லாயத்து அம்மா அதை நெடுந்தூரக் குதிரையாகச் சேர்த்துக்கொள்வார். கொட்டகையும் தீனியும் அங்கேயே, ஓட்டுவது நான். முடிக்காவிட்டால் கடற்கரைக்காரருக்கு. என் வீட்டுக்காரர் அவரிடம் வாக்கே கொடுத்துவிட்டார், சவாரி முடிந்த திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொல்லி.

ஜனவரியில் செவலை அருமையாக இருந்தது. பதினைந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தால் எட்டு நிமிஷத்தில் துடிப்பு அறுபதுக்கு இறங்கியது. பிப்ரவரி கடைசியில் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. மார்ச் முதல் வாரம் பதினெட்டு. லாடம் சரியில்லையோ என்று லாடக்காரரைத் திட்டினேன். காய்ச்சலோ என்று பார்த்தேன், இல்லை. ரத்தம் எடுத்துக் கொடுத்தேன், ஒன்றும் இல்லை. வெயில் கூடிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தீனியைக் கொஞ்சம் குறைத்தேன். குறைக்கக் குறைக்கச் சேணத்தின் வார் ஒவ்வொரு துளையாகத் தளர்த்த வேண்டி வந்தது. குறைத்துப் போட்டால் பெருக்கிற குதிரையை நான் என் வேலையில் பார்த்ததே இல்லை.

சவாரிக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை லாயத்தில் மத்தியானமே வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து ஸ்கூட்டரை நிறுத்தினால், கொட்டகை வாசலில் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். வரிசை என்றால் ஒழுங்கான வரிசை, மாதாகோயிலில் நற்கருணை அப்பம் வாங்கப் போகிற மாதிரி. ஆளுக்கு ஒரு பாத்திரம். முதல் ஆள் பக்கத்து வீட்டு அக்கா, கையில் ஒரு வாளி கேப்பைக் கூழ். அடுத்தவர் தட்டில் மல்லாட்டைப் பிண்ணாக்கு. அவருக்கும் பின்னால் வெல்லம், பழைய சோறு, உளுந்து வேகவைத்தது. என் வீட்டுக்காரர் தொட்டியருகே நின்று, “ஒருத்தர் ஒருத்தரா வாங்க, அதுக்குப் பொரையேறிடப் போவுது” என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருவில் பாதிப்பேர் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம், அந்த முறை பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. புதன், வெள்ளியில் ஒருசந்தி இருப்பார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை விடுவார்கள். அப்படி ஒறுத்து மிச்சம் பிடித்ததைப் பசித்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த வருஷம் தெருப் பெண்கள் கூடிப் பேசி, பசித்தவர் யார் என்று தேடியிருக்கிறார்கள். யாருக்கு எலும்பு தெரிகிறதோ அவர்தானே? எங்கள் தெருவில் எலும்பு தெரிந்தது செவலை ஒன்றுக்குத்தான். ஆக, சாம்பல் புதனிலிருந்து எட்டு வீட்டு ஒறுத்தல் முழுவதும் என் குதிரையின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. தெரு இளைத்தது, செவலை பெருத்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுவதும் நினைவில்லை. “யோவ், உனக்கு அறிவு இருக்கா?” என்றதை மட்டும் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார், தெருவே பார்க்க அவரை யோவ் என்றேனாம்.

“பசிச்சதுக்குக் குடுக்கறது தப்பாம்மா?” என்றார் அக்கா. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

“அதுக்குப் பசிக்கலக்கா!”

“அப்ப ஏன் இவ்ளோ ஜல்தியா துன்னுது?”

குதிரைக்கு முன்னால் வெல்லத்தை வைத்தால் அது மரியாதைக்கு வேண்டாம் என்று சொல்லுமா? தின்னத்தான் செய்யும். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர், “ஊரே வந்து கேக்குது, நான் இன்னா பண்றது? சவாரிக்குத் தெம்பா போவட்டும்னுதான் நானும் உட்டேன்” என்றார். அதில் பொய் இல்லை. கெடுதல் பண்ணுகிற மனுஷன் இல்லை அவர். செவலை ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தே தினமும் இரண்டு கை பிண்ணாக்கை அவர் பங்குக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார். எல்லோரும் நல்லது செய்து ஒரு காரியத்தைக் கெடுத்தால் யாரைப் பிடித்துத் திட்டுவது என்று தெரியாமல் நான் தொட்டியைக் கழுவினேன்.

எட்டு நாளில் என்ன செய்ய முடியும்? பட்டினி போட முடியாது, போட்டால் வயிறு பிடித்துக்கொள்ளும். காய்ந்த புல்லும் தண்ணீரும் அளவாக வைத்து, காலையிலும் மாலையிலும் நடத்தினேன். சவாரி நாளான சனிக்கிழமை விடிந்தபோது வார் ஒரு துளை இறங்கியிருந்தது. ஏறியதோ நாலு துளை.

சவாரி ஆறு மணிக்குத் தொடங்கியது. செம்மண் வழி, இரண்டு பக்கமும் முந்திரி, கடைசி ஐந்து கிலோமீட்டர் கடற்கரை ஓரம். செவலைக்கு ஓட ஆசை. அதன் மனசில் ஒரு குறையும் இல்லை, கழுத்தை நீட்டி நீட்டி என் கையிலிருந்து கடிவாளத்தைப் பிடுங்கியது. எட்டாவது கிலோமீட்டரில் கழுத்தில் நுரை கட்டியது. வியர்வை தண்ணீராக ஓடாமல் சோப்பு நுரை போல வந்தால் எனக்குப் பயம். வேகத்தைக் குறைத்தேன், இறங்கிக் கூடவே நடந்தேன். ஏழரை மணி வெயிலே முதுகைச் சுட்டது. இருபதாவது கிலோமீட்டரில் என் வீட்டுக்காரர் குட்டியானையில் தண்ணீர் டிரம்மோடு காத்திருந்தார். இரண்டு பேரும் வாளி வாளியாக ஊற்றினோம், வழித்தோம், மறுபடி ஊற்றினோம். பத்து நிமிஷத்தில் எண்பது. பதினைந்தில் எழுபத்தாறு. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபதாவது நிமிஷம் எழுபத்திரண்டு.

“போதும்மா. இதுக்கு மேல ஓட வேணாம்” என்றார். அந்த டாக்டரம்மா வெளியூர்க்காரர், கண்டிப்பானவர். நான் கெஞ்சவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

என் வீட்டுக்காரர்தான் விடவில்லை. “ஏன் டாக்டர், இளைச்சிருக்குதுன்றதாலயா?” என்றார்.

“இளைச்சிருக்கா? யார் சொன்னது?” டாக்டர் அவர் கையைப் பிடித்துச் செவலையின் விலாவில் வைத்தார். “இங்க அழுத்துங்க. எலும்பு கைக்குத் தெரியணும். தெரியுதா? மேல கொழுப்பு படிஞ்சிருக்கு. ஓடும்போது உள்ள சூடு ஏறுது, அது தோல் வழியா வெளியே போகணும். கொழுப்பு அதைப் போக விடாது. குதிரையோட கட்டுமஸ்து எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. யாரோ கண்டதையும் போட்டுக் கெடுத்திருக்காங்க.”

என் வீட்டுக்காரர் விலாவை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். “அப்ப ரேடியேட்டர் மேல கம்பளியப் போத்திட்டு வண்டிய ஓட்டின மாதிரி” என்றார்.

“அதேதான்” என்றார் டாக்டர்.

நான் அதை அவருக்கு ஒன்றரை வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். சோறு போடும்போது சொன்னேன், படுக்கப் போகும்போது சொன்னேன், குதிரையைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். டாக்டர் ஒரு நிமிஷம் சொன்னதும் ரேடியேட்டர் ஞாபகம் வந்துவிட்டது. வீடு வரைக்கும் அவர் வண்டியை மெல்ல ஓட்டினார். அவர் மேல் கோபம் ஆறாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் கடற்கரைக்காரர் வந்தார். கொடுத்த வாக்கு, வராதே என்று சொல்ல முடியவில்லை. நான் லீவு போட்டுவிட்டு நின்றேன். முதலில் நெற்றியில் சுழி பார்த்தார், கழுத்தில் பார்த்தார். திருப்திதான். பிறகு நாலடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

“இன்னாங்க, இவ்ளோ இளைச்சு கீது? நம்மகிட்ட வர்றவங்க குதிரன்னா கொழுகொழுன்னு எதிர்பார்ப்பாங்க. போட்டோ எடுக்கணுமில்ல.”

இத்தனை காலமும் நான் வெறுத்த அந்த வார்த்தை அன்றைக்கு என் காதில் தேனாக விழுந்தது. அந்த ஆளின் காலில் விழலாம் போல இருந்தது. இன்னும் ஒரு நிமிஷம், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

என் வீட்டுக்காரர் சும்மா இருந்தால்தானே.

“இளைச்சிருக்கா? யார் சொன்னது?” என்று ஆரம்பித்தார். டாக்டர் கேட்ட அதே தொனி. “கைய வச்சிப் பாருங்க சார். இது ஓடற ஒடம்பு. மாரு ஆழத்தப் பாத்தீங்களா? காத்து எவ்ளோ புடிக்கும்! தோளு எப்டி சாய்ஞ்சு எறங்குது பாருங்க. முதுகு குட்ட, எவ்ளோ வெயிட்டும் தாங்கும். குளம்பு கல்லு சார், கல்லு.” காலைத் தூக்கிக் காட்டினார். நான் கண்ணைக் காட்டினேன், பார்க்கவில்லை. இருமினேன், “தண்ணி குடி” என்றார். ஒன்றரை வருஷமாக நான் சொன்னது ஒன்றுவிடாமல் அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. எதையும் கேட்காத மனுஷன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அதை எடுத்துவிட அவருக்குக் கிடைத்த நேரம் அது!

கடற்கரைக்காரர் முகம் மாற ஆரம்பித்தது. கிட்டே வந்து விலாவைத் தடவினார். “அப்ப நாள் பூரா வெயில்ல நின்னாலும் அசராதுன்றீங்க?”

“எங்க சார் அசரும்? அதான் தோலே ரேடியேட்டராச்சே!”

அவர் பையிலிருந்து போனை எடுத்தார், வண்டியைக் கொண்டுவரச் சொல்ல. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

“அவர் சொல்றத நம்பாதீங்க. சனிக்கெழம பாதி வழியிலயே டாக்டர் நிறுத்திட்டாங்க. நெஞ்சு சரியில்ல. இளைச்சுக்கினே போவுதுங்க. எட்டு வீட்டு சோறு போட்டும் ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது. கேட்டுப் பாருங்க, தெருவே சொல்லும்.”

அவர் வேலிப் பக்கம் திரும்பினார். அங்கே பக்கத்து வீட்டு அக்கா நின்றிருந்தார். “ஆமாங்க, நாங்களும் எவ்ளோவோ போட்டோம். தேறவே இல்ல” என்றார். அவர் மனசாரச் சொன்னார், அதனால் எடுபட்டது. கடற்கரைக்காரர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேறு பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

நான் கொட்டகைக்குள் போய்ச் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். சந்தோஷம்தான், ஆனால் கூசியது. தெருவே அதைக் குறை சொன்னபோதெல்லாம் சண்டை போட்ட நான், ஊர்பேர் தெரியாத ஒரு ஆளிடம் அதை நோயாளி என்று சொல்லிவிட்டேன். அது ஒன்றும் அறியாமல் என் தோளில் மூக்கைத் தேய்த்தது.

வாக்குத் தவறவைத்துவிட்டேன், இன்றைக்கு நல்ல பூசை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மத்தியானம் சாப்பிட வந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே, “விக்க மனசில்லன்னா என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுதான? அதுக்காக அவ்ளோ நல்ல குதிரய நெஞ்சு சரியில்லன்னு சொல்லுவியா? ரெண்டு மாசம் ஒழுங்கா ஓட்டினா நாப்பதும் போவும் அது. உனக்குக் குதிரயப் பத்தி இன்னா தெரியும்?” என்றார்.

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய், செவலைக்குப் புல்லைத் தராசில் நிறுத்து அளவாகப் போட்டார்.